மணியோசை வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இன்றைய கணிப்பொறி உலகில் பெரிய வீடியோ கேம் ஒன்று வருவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு மணியோசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. இன்ன பிராசஸர் வேண்டும், இத்தனை ஜிபி ராம் வேண்டும், இன்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று விளையாட்டைச் செய்த நிறுவனம் வெளியிடும் தேவைப் பட்டியலே அந்த மணியோசை. அதில் வழக்கமாக இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றின் தலைப்பு ‘குறைந்தபட்சம்’. மற்றொன்றின் தலைப்பு ‘பரிந்துரை’. இந்த இரண்டு சொற்களும் உண்மையில் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்க விரும்புகிறோம்.

“படிக்கின்ற பெண்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். அரிசி மூட்டையின் எடையைச் சரிபார்க்கவும், மருந்துச் சீட்டின் தேதியைப் பார்க்கவும் நமக்குக் கற்றுத் தந்தவர்களே இக்கேள்வியைக் கேட்பதுதான் வேடிக்கை. நம்மில் பலருடைய இல்லங்களில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டின் விலை ஒரு மாதத்து வீட்டுச் செலவுக்குக் குறைந்ததன்று. ராமின் விலையோ 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதே காரணம். இந்த நிலையில் ‘பரிந்துரை’ என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு தந்தையார் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமா, வேண்டாமா?

முதலில் ஒரு கணக்கு. திரையில் நாம் காணும் அசைவு, அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போவதால் உண்டாவது. ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறார்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒரு படத்தைத் தீட்டி முடிக்கக் கணிப்பொறிக்கு ஆயிரத்தில் 33 பங்கு விநாடி கிடைக்கிறது. விநாடிக்கு 60 என்றால் 17 பங்கு கூட இல்லை. அதற்குள் எத்தனை புள்ளிகளைத் தீட்ட வேண்டும்? 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரைக்கு ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ‘4கே’ எனப்படும் திரைக்கு அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. அதன்மேல் நிழல், புகை, நீரில் தெரியும் பிம்பம் ஆகியவற்றை எவ்வளவு நுட்பமாகக் காட்டுவது என்ற தரநிலை வேறு. ஆகவே, “இந்தக் கார்டு இருந்தால் இந்த விளையாட்டு ஓடும்” என்ற வாக்கியம் பாதி வாக்கியமே. எந்தத் திரையில்? எந்தத் தரத்தில்? விநாடிக்கு எத்தனை ஃபிரேம்? இம்மூன்றும் இல்லாத பட்டியல், சமைக்க எவ்வளவு அரிசி வேண்டும் என்று சொல்லிவிட்டு எத்தனை பேருக்கு என்று சொல்லாத குறிப்பைப் போன்றது.

இது புதிதாக வந்த குறை அன்று. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள கிரைடெக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு நவம்பரில் ‘கிரைசிஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பட்டியலில் குறைந்தபட்சம் ஜிஃபோர்ஸ் 6800 ஜிடி கார்டு; பரிந்துரை 2 ஜிபி ராமும் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎஸ் கார்டும். பரிந்துரைத்தபடியே வாங்கி வைத்தவர்கள் தரநிலையை உச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, காட்டில் ஓட வேண்டிய வீரன் நொண்டினான்! புதிய கணிப்பொறி எதைக் கண்டாலும் “இதில் கிரைசிஸ் ஓடுமா?” என்று கேலியாகக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது அப்போதுதான். ஆயினும் கிரைடெக்கின்மீது நமக்குப் பெரிய கோபம் இல்லை. எதிர்காலக் கணிப்பொறிகளையும் மனத்தில் வைத்து அவர்கள் உச்சத் தரத்தை அமைத்தார்கள். தரநிலையைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு விளையாட்டு ஓடவே செய்தது. அதிகம் கேட்பது குற்றமாகாது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்பதே குற்றம்.

அடுத்து ‘சைபர்பங்க் 2077’. போலந்து நாட்டின் வார்சா நகரத்துச் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் இதை 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2020-இல் ஏப்ரல் என்றார்கள், செப்டம்பர் என்றார்கள், நவம்பர் என்றார்கள். முடிவில் டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அதற்கான முதற்பட்டியல் அவ்வாண்டு செப்டம்பரில் வந்தபோது ஆர்வலர்கள் மகிழ்ந்து போனார்கள். குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 780 போதும். அது 2013-ஆம் ஆண்டுக் கார்டு. பரிந்துரை ஜிடிஎக்ஸ் 1060. அது 2016-ஆம் ஆண்டுக் கார்டு. “அப்பாடா, நம் பழைய பெட்டியே போதும்” என்று பெருமூச்சு விட்டவர்கள் எத்தனையோ பேர். எந்தத் திரைக்கு, எந்தத் தரத்துக்கு என்பது நவம்பரில் விரிவான பட்டியல் வந்த பிறகே தெரிந்தது. விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற வரி அப்போதும் இல்லை.

விளையாட்டு வெளிவந்த பின் நடந்தது எல்லாரும் அறிந்ததே. வலிமை மிக்க கணிப்பொறிகளில் அது கண்ணைப் பறித்தது. பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கன்சோல்களிலோ தடுமாறித் திணறியது. வெளியீட்டுக்கு முந்தைய மாதத்தில், அந்தப் பழைய கன்சோல்களிலும் அது வியக்கும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் முன்கூட்டி விமரிசகர்களுக்குக் கொடுக்கப்பட்டதோ கணிப்பொறி வடிவம் மட்டுமே. டிசம்பர் 17 அன்று சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அவ்விளையாட்டை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் அது திரும்பி வந்தது. ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வணிக உலகில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைப்பது அரிது. பிற்பாடு அந்நிறுவனத்தார் மன்னிப்புக் கேட்டதையும், ஆண்டுக்கணக்கில் உழைத்து விளையாட்டைச் சீர்படுத்தியதையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அந்தச் சீர்திருத்தத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 2023 செப்டம்பரில் விளையாட்டின் 2.0 பதிப்பு வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னதாகவே, ஜூனில், புதிய தேவைப் பட்டியலை அறிவித்தார்கள். குறைந்தபட்சம் என்ற இடத்தில் இருந்த ஜிடிஎக்ஸ் 780 நீங்கி ஜிடிஎக்ஸ் 1060 வந்தது. 8 ஜிபி ராம் 12 ஜிபி ஆயிற்று. எஸ்எஸ்டி கட்டாயம் ஆயிற்று. பழைய ஹார்டு டிஸ்க்குக்கு இனி ஆதரவு இல்லை. அதாவது, 2020-இல் பட்டியலைப் பார்த்து “நம்மிடம் இருப்பது போதும்” என்று பணம் கொடுத்து வாங்கியவர், மூன்றாண்டுகளில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். முன்னறிவிப்புத் தந்தது நல்ல பண்பே. எனினும், விற்ற பிறகு படியை உயர்த்துவது எந்தக் கடையில் நடக்கும்? துணிக்கடையில் வாங்கிய சேலைக்கு மூன்றாண்டு கழித்து வந்து கூடுதல் நீளம் கேட்பார்களா?

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். ஜப்பானின் ஒசாகா நகரத்துக் கேப்காம் நிறுவனம் ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ என்னும் விளையாட்டுக்கு 2024 செப்டம்பரில் ஒரு பட்டியலை வெளியிட்டது. மேலே நாம் கேட்ட மூன்று விவரமும் அதில் இருந்தன. குறைந்தபட்சம்: 1080 புள்ளி உயரம், மிகத் தாழ்ந்த தரம், விநாடிக்கு 30 ஃபிரேம். பரிந்துரை: அதே திரை, நடுத்தரம், விநாடிக்கு 60 ஃபிரேம். ஆகா, இதுவன்றோ நேர்மை என்று தோன்றும். ஆனால் அடைப்புக்குறிக்குள்ளும் சிறிய எழுத்திலும் இரண்டு செய்திகள் இருந்தன. குறைந்தபட்சத்தில் சொன்ன 1080 என்பது உண்மையில் 720 புள்ளி உயரத்தில் தீட்டி, பெரிதாக்கிக் காட்டப்படுவது. பரிந்துரையில் சொன்ன 60 என்பது ‘ஃபிரேம் ஜெனரேஷன்’ என்னும் உபாயத்தைப் பயன்படுத்தினால் கிடைப்பது.

இவ்விரண்டையும் சற்று விளக்குவோம். பெரிதாக்கிக் காட்டுவது, ஸ்டூடியோவில் சிறிய புகைப்படத்தைப் பெரிதாக்கி, மங்கிய இடங்களில் தூரிகையால் திருத்திக் கொடுப்பதை ஒத்தது. 720 புள்ளி உயரமுள்ள படத்தில் 9 லட்சத்து 21 ஆயிரம் புள்ளிகளே உண்டு. 1080-க்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. மீதியைக் கணிப்பொறி ஊகித்து நிரப்புகிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்பவை இதற்கென அமைந்தவை. நல்ல ஸ்டூடியோக்காரர் கையில் அந்தப் படம் அழகாகவே இருக்கும். இதை நாம் குறைகூறவில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு வகை. கணிப்பொறி தான் உண்மையாகத் தீட்டிய இரண்டு படங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாய் உண்டாக்கிச் செருகுகிறது. திரையில் காணும் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆனால் நாம் பொத்தானை அழுத்தியதை அந்தச் செருகிய படம் அறியாது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது வராத தோழிக்காக வேறொருத்தி “உள்ளேன் டீச்சர்” என்று சொல்வதுண்டு அல்லவா? (நம் பள்ளியில் இல்லை, வேறு பள்ளிகளில்!) பதிவேட்டில் 60 பேர், பெஞ்சில் 30 பேர். கேள்வி கேட்டால் பதில் வருவது பெஞ்சில் இருப்பவரிடமிருந்து மட்டுமே. அதோடு, அடுத்த உண்மைப் படம் தயாராகும்வரை முந்தையதை நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதால், கைக்கும் கண்ணுக்கும் இடையே தாமதம் கூடுகிறது. இதே உபாயத்தை வழங்கும் ஏஎம்டி நிறுவனமே, முதலில் உண்மையாக விநாடிக்கு 60 ஃபிரேமாவது வரும் இடத்தில் இதைப் பயன்படுத்துவதே நலம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. கேப்காம் பட்டியலோ அந்த 60-ஐ எட்டுவதற்கே இதை ஏணியாக்கிவிட்டது. மருந்தாக வந்ததை உணவாகப் பரிமாறுவது என்பது இதுதான்.

இங்கே நம் தோழியருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. “உள்ளதை உள்ளபடி அச்சிட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டாமா?” என்பது ஒரு சாராரின் வாதம். பாராட்டலாம். பல நிறுவனங்கள் மறைப்பதை இவர்கள் மறைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் சரக்கு நல்ல சரக்காகிவிடாது என்பதே நம்முடைய கருத்து. ‘பரிந்துரை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் சாதாரண மனிதர் புரிந்துகொள்வது, “இதை வாங்கினால் நிம்மதியாக ஆடலாம்” என்பதைத்தான். அந்தச் சொல்லின் தரத்தையே கீழே இறக்கிவிட்டு, இறக்கியதை ஒளிக்கவில்லை என்று பெருமைப்பட்டு என்ன பயன்?

அடுத்து நடந்ததையும் பார்ப்போம். அந்த ஆண்டு நவம்பர்த் தொடக்கத்தில் கணிப்பொறிகளில் முன்னோட்டப் பதிப்பை இலவசமாக ஆடவிட்டார்கள். சிலருடைய திரையில் விலங்குகளும் மனிதரும் முழு உருப்பெறாமல், காகிதத்தை மடித்துச் செய்த பொம்மைகளைப் போல் நின்றார்கள். அப்படங்களைப் பார்த்து உலகம் சிரித்தது. 2025 பிப்ரவரி 5 அன்று, விலை கொடுத்து வாங்குமுன் அவரவர் கணிப்பொறியைச் சோதித்துக்கொள்ள ஒரு கருவியை இலவசமாகத் தந்தார்கள். அத்துடன் பட்டியலையும் சற்றுத் தளர்த்தினார்கள். எஸ்எஸ்டியில் 140 ஜிபி இடம் வேண்டும் என்றிருந்தது 75 ஜிபியாகக் குறைந்தது. பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் வரை இறங்கியது. ஆனால் அந்த 60-க்குப் பக்கத்தில் ‘ஃபிரேம் ஜெனரேஷன்’ அப்படியே நின்றது!

இலவசச் சோதனைக் கருவி என்ற ஏற்பாட்டை நாம் மனமாரப் புகழ்கிறோம். பெரிய விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் இது கட்டாயமாக வேண்டும். எனினும் அச்சோதனையில் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் கதைக் காட்சிகளும் சேர்த்துச் சராசரி எடுக்கப்பட்டது. எளிய பாடங்களின் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி போட்டால் கணக்கில் தவறியவளும் தேறிவிடுவாள் அன்றோ? வேட்டை நடக்கும் இடத்தில், கூட்டம் நிறைந்த முகாமில், மிகக் குறைந்த அளவில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதே ஆடுபவருக்கு வேண்டிய எண்.

பிப்ரவரி 28 அன்று விளையாட்டு வெளிவந்தது. மூன்று நாளில் 80 லட்சம் படிகளுக்கு மேல். ஒரு மாதத்தில் ஒரு கோடி. அந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே அது போன்ற வேகமான விற்பனை இருந்ததில்லை. ஆனால் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் கணிப்பொறியில் ஆடியவர்களின் கருத்துரைகள் தொடக்கத்திலேயே இரண்டுபட்டன. ஜூன் மாதத்துக்குள் புதிதாக வந்தவற்றுள் மிகப்பெரும்பாலானவை கண்டனங்களாய் மாறின. ஓட்டத்தின் தரமே பெரும் குறை. இதிலிருந்து ஒரு கசப்பான உண்மையும் விளங்குகிறது. பட்டியல் எப்படி இருந்தாலும் ஆசை கொண்டவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். நிறுவனங்களுக்கு இது தெரியும். ஸ்டீமில் வாங்கியதை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால், திருப்பித் தரலாம் என்ற விதி 2015 முதல் உள்ளது. நல்ல விதி. ஆனால் முதன்முறை திறக்கும்போது, ‘ஷேடர்’களைத் தயாரிக்கிறேன் என்று பழைய கணிப்பொறி வெகுநேரம் உறுமிக்கொண்டிருக்கிறதே, அந்த நேரமும் இரண்டு மணிக் கணக்கில்தான் சேருகிறது.

பின்லாந்தின் தம்பெரே நகரத்துக் கொலாசல் ஆர்டர் நிறுவனத்தையும் குறிப்பிட வேண்டும். நகரம் அமைத்து ஆளும் ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ 2023 அக்டோபர் 24 அன்று வெளிவர இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் அவர்கள் பட்டியலைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். பரிந்துரைக் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080 வரை ஏறியது. வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு, தாங்கள் எண்ணிய வேகத்தை எட்டவில்லை என்று தாங்களாகவே அறிவித்தார்கள். இந்த நேர்மையைக் கண்டு உள்ளம் நெகிழலாம். ஆனால் எட்டவில்லை என்று தெரிந்தபின் வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைத்திருக்கலாமே என்ற கேள்வி எழாமல் இல்லை. பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது நல்ல வேடிக்கை. எறும்பளவாய்த் தெரியும் நகரவாசிகள் ஒவ்வொருவரின் வாய்க்குள்ளும் பற்கள் வரை செதுக்கப்பட்டிருந்தன. தூரத்தில் நிற்பவரை எளிய உருவமாக மாற்றிக் காட்டும் ஏற்பாடு செய்யப்படவில்லை. யாரும் பார்க்காத பற்களுக்காக ஊரெல்லாம் புதுக் கார்டு வாங்க வேண்டுமா? தேவைப் பட்டியலின் உயரத்துக்குக் கலை மட்டுமே காரணம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. முடிக்கப்படாத வேலையும் காரணமாகலாம்.

மறுபுறம், ‘வேலரன்ட்’ என்னும் விளையாட்டை 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரயட் நிறுவனத்தார் பட்டியலை வேறு விதமாகத் தொடங்கினார்கள். குறைந்தபட்சம், பரிந்துரை என்ற சொற்களோடு நில்லாமல், ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணையே பொறித்தார்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் வேண்டுவோர்க்கு இது, 60 வேண்டுவோர்க்கு இது, 144-க்கு மேல் வேண்டுவோர்க்கு இது. 30-க்குக் கேட்டதோ 2008-ஆம் ஆண்டில் வந்த கோர் 2 டுவோ பிராசஸரும் 4 ஜிபி ராமும். தனிக் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. பிராசஸரோடு வரும் இன்டெல் கிராபிக்ஸ் போதும் என்றார்கள். அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணிப்பொறியிலும் ஆட முடிந்ததனால், பணமில்லாத பிள்ளைகளும் அதில் பங்குபெற்றார்கள். அதன் ஓவியத்தில் நிழலும் ஒளியும் சிக்கனமாகவே இருக்கும். அதில் அழகு குறைந்தது என்று நம் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

கணிப்பொறிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, ஆயிரம் வகைச் சேர்க்கைகளுக்கும் எப்படி உறுதி கூறுவது என்று தயாரிப்பாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்சோலைப்போல் ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று நம் வீட்டுப் பெட்டி. ஆயினும் அவர்கள் தங்கள் கூடத்தில் சில கணிப்பொறிகளில் ஓட்டிப் பார்த்துத்தானே பட்டியல் எழுதுகிறார்கள்? அந்தக் கணிப்பொறிகளில் வந்த எண்களை அப்படியே வெளியிடுவதில் என்ன சிரமம்? பெரிதாக்காமல் எவ்வளவு, பெரிதாக்கினால் எவ்வளவு, செருகிய படங்களை நீக்கினால் எவ்வளவு, நெரிசலான இடத்தில் எவ்வளவு. நான்கு எண்கள். விளம்பரச் சுருளில் ஒரு நொடி குறைத்தால் அச்சிட இடம் கிடைத்துவிடும். பட்டியல் வெளிவரும் நாளும் முன்பதிவுக்குப் பணம் வாங்கத் தொடங்கும் நாளுக்கு முந்தியதாய் இருக்க வேண்டும். இன்று பல விளையாட்டுகளில் பணத்தை மாதக்கணக்கில் முன்னே வாங்கிக்கொண்டு, பட்டியலைக் கடைசி வாரங்களில் காட்டுகிறார்கள். பெண் பார்க்கும் முன்னே தாம்பூலம் மாற்றிய கதைதான்.

அதுவரை நம் கையில் உள்ளது ஒன்றே. முன்பதிவு செய்யாமல், வெளிவந்து இரண்டு வாரம் கழியட்டும் என்று காத்திருப்பது. நம்மிடம் உள்ள அதே கார்டில் பிறர் ஆடிப் பார்த்து அளந்த எண்கள் அதற்குள் வந்துவிடும். முதல் திருத்தங்களும் வந்துவிடும். புதுக் கார்டு வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்க நினைக்கும் தோழியர், அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்கலாம்.